முட்டி தட்டும் வயது

(தருமபுரியில் நூலக வாசகர் வட்டத்தின் கூட்டமொன்றில் குழந்தைகள் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டாக்டர் பேசுகிறார் என்றால் பயமுறுத்துவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். உங்களில் பலருக்கு இன்று நான் சொல்லப்போவது ‘ஒன்றும் செய்ய வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்’ என்பதுதான். சிலரிடம் மட்டும் ‘இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்?’ என்று கேட்கப்போகிறேன். இரண்டு தரப்பார் வீட்டிலும் பிள்ளையின் கால் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு பிள்ளைக்கு வயது மூன்று, இன்னொரு பிள்ளைக்குப் பன்னிரண்டு. என் பேச்சு முழுக்க இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

பிள்ளையை நேராக நிற்கச் சொன்னால் முட்டிகள் இரண்டும் ஒட்டி நிற்கின்றன, கணுக்கால்கள் சேரவில்லை. ‘காலைச் சேர்த்து நில்’ என்று அதட்டினால் ஒரு முட்டியை மற்றதற்கு முன்னால் தள்ளித்தான் சேர்க்க முடிகிறது. நடந்தால் முட்டி உரசுகிறது. ஓடினால் கீழ்க்கால் வெளிப்பக்கமாகச் சுழன்று விழுகிறது. இதைத்தான் ஆஸ்பத்திரியில் ‘நாக் நீ’ என்கிறோம், ஊரில் ‘முட்டி தட்டுது’ என்கிறார்கள்.

பிறந்த குழந்தைக்குக் கால் நேராக இருக்காது. வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கால், வெளிப்பக்கமாக வில் போல் வளைந்திருக்கும். 18 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் அது நேராகிவிடும். நேரானதோடு நிற்காமல் எதிர்ப்பக்கம் சாய ஆரம்பிக்கும். 3, 4 வயதில் முட்டி தட்டுவது உச்சத்துக்கு வரும். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே 10, 12 டிகிரி சாய்வு அந்த வயதில் சகஜம். பிறகு தானாகவே குறைந்து, 7, 8 வயதில் பெரியவர்களுக்கு உள்ள அளவில், அதாவது 5 முதல் 7 டிகிரியில், வந்து நிலைக்கும். ஆமாம், இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நம் எல்லாருக்குமே முட்டி கொஞ்சம் உள்ளே சாய்ந்துதான் இருக்கிறது. பின்லாந்தில் சலேனியஸ், வாங்கா என்ற இருவர் ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளின் கால்களை அளந்து 1975-இல் வெளியிட்ட வரைபடம் இந்தக் கணக்கைச் சொல்கிறது. இன்றைக்கும் எலும்பு மருத்துவம் படிக்கிற மாணவர் யாரும் அந்த வரைபடத்தைத் தாண்டிப் போக முடியாது.

இந்த இயற்கையான ஓட்டத்தால் பெயர் வாங்கியவர்கள் இரண்டு பேர். முதலாமவர் பாட்டி. குளிப்பாட்டும்போது எண்ணெய் தேய்த்துக் காலை நீவி நீவி விடுவார். ஒன்றரை வயதில் கால் நேராகிவிடும். ‘நான் உருவி விட்டதாலதான் நேராச்சு’ என்பார். பாட்டி கையில் பிள்ளை சுகமாகத் தூங்குகிறது, அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் கால் நேரானது பாட்டியால் அல்ல. இரண்டாமவர் பூட்ஸ் விற்றவர். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு உள்பக்கம் ஆப்பு வைத்த பூட்ஸ், இரவில் கட்டிக்கொள்ள இரும்புப் பட்டை. பிள்ளை மூன்று வருடம் அழுதுகொண்டே போட்டுக்கொள்ளும். ஏழு வயதில் கால் நேராகும். அப்பா அந்தப் பூட்ஸைப் பத்திரப்படுத்தித் தங்கை பிள்ளைக்கும் கொடுப்பார். இந்த மாதிரி பூட்ஸும் பட்டையும் எலும்பின் சாய்வை மாற்றுவதில்லை. அவற்றால் மாறிய ஒன்று உண்டு: பிள்ளை தன் காலைப் பார்த்து வெட்கப்படக் கற்றுக்கொண்டது.

ஆகவே 3 வயதிலிருந்து 6 வயதுக்குள், இரண்டு காலிலும் சமமாக, வலி இல்லாமல், வயதுக்கேற்ற உயரத்தோடு வளர்கிற பிள்ளைக்கு முட்டி தட்டினால் மருந்து வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். அளந்து குறித்துக்கொண்டால் போதும்.

எப்படி அளப்பது? பாயில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். முட்டிச்சில்லு இரண்டும் கூரையைப் பார்க்க வேண்டும், பாதம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கவலையில்லை. முட்டிகளை ஒன்றையொன்று இலேசாகத் தொடும்வரை மட்டும் சேருங்கள், அழுத்தக் கூடாது. கணுக்காலின் உள்பக்கம் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து மறு கணுக்காலின் அதே எலும்புக்குத் தையல் டேப் வைத்து அளந்து, தேதியோடு எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பாயில் அதே மாதிரி அளங்கள். 8 சென்டிமீட்டருக்குள் இருந்தால், குறைந்துகொண்டும் வந்தால், நிம்மதியாக இருக்கலாம். ஒரே ஒரு அளவைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

முட்டிச்சில்லைக் கூரை பார்க்க வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு இடுப்பிலிருந்தே தொடை எலும்பு உள்பக்கம் திருகியிருக்கும், பாதம் தட்டையாக இருக்கும், தசைநார்கள் தளர்வாக இருக்கும். நிற்கும்போது முட்டிச்சில்லுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர் நாக் நீ என்று நினைத்துவிடுவார். படுக்கவைத்து நேர்ப்படுத்தினால் சாய்வே இருக்காது. பருத்த பிள்ளைகளிடமும் இந்த ஏமாற்று உண்டு. தொடைச்சதை முட்டுவதால் கால்கள் விலகுகின்றன, எலும்பு நேராகவே இருக்கும். ஆனால் நிஜமாகவே முட்டி தட்டுகிற பருத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடல் எடையே சாய்வைக் கூட்டும்.

இனி, எப்போது கவலைப்பட வேண்டும் என்பதற்கு வருகிறேன். ஒரு காலில் மட்டும் தட்டினால், எந்த வயதானாலும் காட்டுங்கள். 8 வயதைத் தாண்டியும் குறையாமல் இருந்தால் காட்டுங்கள். பிள்ளை வகுப்பிலேயே குள்ளமாக இருந்தால் காட்டுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது: எட்டு, ஒன்பது வயதுவரை நேராக நடந்த பிள்ளைக்குப் பதினோரு வயதில் முட்டி தட்ட ஆரம்பித்தால், அது வளர்ச்சியின் வழக்கமான ஓட்டம் அல்ல. இந்தப் பிள்ளையின் வீட்டில்தான் ‘வளர வளர சரியாயிடும்’ என்ற பேச்சு மிகவும் ஆபத்தானது. மூன்று வயதில் அந்தப் பேச்சு சத்தியம். பன்னிரண்டு வயதில் அது பொய். வளர வளர அதிகமாகும், ஏனென்றால் வளர்ச்சிதான் அதைக் கோணலாக்கிக்கொண்டிருக்கிறது.

எலும்பு எல்லா இடத்திலும் வளர்வதில்லை. இரண்டு முனைகளுக்கும் அருகே குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. நீளம் அங்கேதான் கூடுகிறது. தொடை எலும்பு வளரும் நீளத்தில் சுமார் 70 சதவிகிதம் முட்டிக்கு மேலே உள்ள அந்தத் தட்டில் நடக்கிறது. அதனால்தான் கால் கோணல் என்றாலே முட்டி முன்னால் வந்து நிற்கிறது. ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் பாரம் அதிகம் விழுந்தால் அந்தப் பக்கம் வளர்ச்சி மந்தமாகும். 19-ஆம் நூற்றாண்டில் ஹ்யூட்டர், ஃபோல்க்மான் என்ற இரு ஜெர்மானியர்கள் சொன்னது இது. முட்டி உள்ளே சாயச் சாய, பாரம் முட்டியின் வெளிப்பாதி மேல் விழுகிறது. வெளிப்பாதி மந்தமாகிறது, உள்பாதி ஓடுகிறது, சாய்வு இன்னும் கூடுகிறது. தட்டு பலவீனமாக இருந்தால் இந்தச் சுழல் வேகம் பிடிக்கும்.

தட்டைப் பலவீனமாக்குவதில் முதலிடம் ரிக்கெட்ஸுக்கு. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் போதாமல் எலும்பு இறுகாத நோய். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் ஒரு காலத்தில் இதற்குப் பேர்போனது. ஆலைப் புகை வானத்தை மூடியிருந்தது, தொழிலாளர் குடியிருப்புகளில் வெயில் விழவில்லை. 1919-இல்தான் முடிச்சு அவிழ்ந்தது. லண்டனில் மெல்லன்பி என்ற ஆய்வாளர் நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸை வரவழைத்து, மீன் எண்ணெயால் தடுத்துக் காட்டினார். அதே வருடம் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், ரிக்கெட்ஸ் குழந்தைகளைப் புற ஊதாக் கதிர் விளக்கின் கீழே படுக்கவைத்து எக்ஸ்ரேயில் எலும்பு தேறுவதைக் காட்டினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டால்கூட மறுகை எலும்பும் தேறியது. தோலில் உண்டாகும் ஏதோ ஒன்று ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது என்பது அதிலிருந்து விளங்கியது.

‘எங்க ஊர் வெயிலுக்கா பஞ்சம்?’ என்று கேட்பீர்கள். வெயில் இருக்கிறது, பிள்ளை வெயிலில் இல்லை. வேனில் ஏறிப் பள்ளிக்கு, வேனில் இறங்கி டியூஷனுக்கு. விளையாட்டு பீரியடில் கணக்கு. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் சுடும், ஆனால் வைட்டமின் உண்டாக்கத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை ஏழு மணி வெயிலிலும் அந்தக் கதிர் சொற்பம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயிலில்தான் அது கிடைக்கும். நம் கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் அதிக நேரம் வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் ஊரில் நான் சொல்லவே வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்தான். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நாளொன்றுக்கு 850 முதல் 1000 மில்லிகிராம் வேண்டும். கேழ்வரகு விளைகிற சீமையில், களியைத் தாத்தா சாப்பிடுகிறார், பேரன் பரோட்டா சாப்பிடுகிறான், முட்டி தட்டுவது பேரனுக்கு. கேழ்வரகை முளைகட்டியோ, கூழாகப் புளிக்கவைத்தோ கொடுத்தால் சத்து இன்னும் நன்றாகச் சேரும். பாலும் மோரும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு எச்சரிக்கை: வைட்டமின் டி-யில் 6 லட்சம் யூனிட் ஊசி ஒன்று இருக்கிறது. கால் வளைந்திருக்கிறது என்றால் ரத்தம்கூடப் பார்க்காமல் மாதாமாதம் அதைப் போடுகிற வழக்கமும் இருக்கிறது. மிஞ்சினால் அது விஷம். வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகத்தில் கல், கடைசியில் சிறுநீரகமே பாதிக்கப்படும். ஒரு ஊசிக்குப் பிறகும் எக்ஸ்ரேயில் எலும்பு தேறவில்லையென்றால் இரண்டாவது ஊசி பதில் அல்ல, வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அந்த வேறு காரணங்களில் நான் மிகவும் அஞ்சுவது சிறுநீரகம். பதினோரு வயதுப் பையன், உயரம் எட்டு வயதுக்காரனுடையது, முகத்தில் சோகை, புதிதாக முட்டி தட்டுகிறது, ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து சிறுநீர் கழிக்கிறான், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறான். அம்மா காலைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு வருவார், ராத்திரி விஷயத்தை நான் கேட்டால்தான் சொல்வார். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்தால் எகிறிப்போயிருக்கும். சிறுநீரகம் பல வருடமாகச் சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டிருந்ததை முட்டிதான் முதலில் காட்டிக்கொடுத்திருக்கும். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் மட்டும் கோளாறாகி ரத்தத்தில் அமிலம் தங்கிப்போகிற வகை ஒன்றும் உண்டு. அதற்குக் காரக்கரைசல் மருந்தைத் தொடர்ந்து குடித்தாலே எலும்பு தேறும், பிள்ளை கிடுகிடுவென்று உயரமாகும். குடும்பவழியில் பாஸ்பேட் சத்து சிறுநீரில் வெளியேறுகிற வகையும் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் எங்கள் துறையில் ஒரே விதி: முதலில் ரத்தம், பிறகுதான் எலும்பு. ரத்தத்தைச் சரிசெய்யாமல் காலை நேராக்கினால் ஒரு வருடத்தில் மறுபடி வளைந்து நிற்கும்.

தருமபுரிக்கு வந்துவிட்டு ஃப்ளோரைடைப் பற்றிப் பேசாமல் போகக் கூடாது. சென்னை மாகாணத்தில் அப்போது இருந்த நெல்லூர்ப் பகுதியில், தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடால் எலும்பு கெடுவதை ஷார்ட் என்பவரின் குழு 1937-இல் எழுதியது. அவர்கள் பார்த்தது பெரியவர்களை: முதுகு குனிய முடியாமல் மரத்துப்போனவர்கள். பிள்ளைகளின் கதை பின்னால் வந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் ஆந்திராவில் ஃப்ளோரைடு மிகுந்த கிராமங்களில் விடலைப் பையன்களுக்கு முட்டி கடுமையாகத் தட்டுவதைக் கண்டு 1973-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். முன்பு இல்லாத இந்தக் கோணல் புதிதாக ஏன் வந்தது என்று தேடினார்கள். நாகார்ஜுனசாகர் அணைக்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் மாறியது, மண்ணிலும் சோளத்திலும் மாலிப்டினம் கூடியது, சோளம் தின்ற உடம்பு தாமிரச் சத்தை இழந்தது என்று ஒரு சங்கிலியை முன்வைத்தார்கள். சங்கிலியின் எல்லாக் கண்ணியும் உறுதியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பிள்ளை ஃப்ளோரைடு தண்ணீர் குடித்தால் எலும்பு வளைகிறது என்பது மட்டும் அதற்குப்பின் பல இடங்களில் பார்த்தாகிவிட்டது.

குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. நம் பாறைநிலத்தில் போர்வெல் ஆழமாகப் போகப் போக இது கூடுவது வழக்கம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்த ஃப்ளோரைடுக்காகத்தான். ஆனால் ‘காவிரித் தண்ணி சப்புனு இருக்கு’ என்று போர்த் தண்ணீரைக் குடிக்கிற வீடுகளை இன்னும் பார்க்கிறேன். ஒரு தகவலைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட லிட்டருக்கு இருக்கும் அளவு கூடத்தான் செய்யும். பிள்ளையின் முன்பற்களில் பழுப்புக் கோடும் காலில் கோணலும் சேர்ந்து இருந்தால், டாக்டரிடம் வரும்போது வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற விவரத்தோடு வாருங்கள்.

ஒரு காலில் மட்டும் தட்டுகிற பிள்ளைகளின் கதை வேறு. முட்டிக்கருகே அடிபட்டு வளர்ச்சித் தட்டு நசுங்கியிருக்கலாம், கைக்குழந்தையில் எலும்புக்குள் சீழ் பிடித்து ஒரு பாதி தட்டே அழிந்திருக்கலாம், மூட்டுவாதமாக இருக்கலாம். இவற்றைச் சும்மா விட்டால் கூடிக்கொண்டே போகும். இதில் விநோதமான விதிவிலக்கு ஒன்று உண்டு. நாலைந்து வயதுப் பிள்ளை விழுந்து, முட்டிக்குச் சற்றுக் கீழே கீழ்க்கால் எலும்பில் மெல்லிய விரிசல். மாவுக்கட்டுப் போட்டார்கள், எலும்பு அழகாகச் சேர்ந்தது. ஆறேழு மாதத்தில் அந்தக் கால் மட்டும் வெளியே சாய்கிறது. ‘கட்டுப் போட்டவர் கெடுத்துட்டார்’ என்று குடும்பமே கொதித்துப்போய் வரும். லூயிஸ் கோஸன் என்ற அமெரிக்க மருத்துவர் 1953-இல் எழுதிய விஷயம் இது, கட்டுப் போட்டவர் மேல் தப்பே இல்லை. முறிவு ஆறும்போது எலும்பின் உள்பக்கத்தில் வளர்ச்சி முடுக்கிவிடப்படுகிறது. ஒன்றரை வருடம் வரை சாய்வு கூடும், பிறகு சில வருடங்களில் பெரும்பாலும் தானே நிமிரும். அவசரப்பட்டு எலும்பை வெட்டினால் அந்த வெட்டும் ஆறும்போது மறுபடி சாயும்.

சரி, வைத்தியம். ரத்தத்தில் கோளாறு இல்லை அல்லது சரிசெய்தாகிவிட்டது, வயது பத்து பன்னிரண்டு, கணுக்கால் இடைவெளி கூடிக்கொண்டு போகிறது, படி இறங்கினால் முட்டிச்சில்லு பக்கத்தில் வலி, ஓட முடியவில்லை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக, நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுப்போம். இடுப்புப் பந்தின் நடுவிலிருந்து கணுக்கால் நடுவுக்கு ஒரு கோடு போட்டால், அது முட்டியின் நடுவில் போக வேண்டும். இந்தப் பிள்ளைக்கு முட்டியின் வெளிப்பாதியில் போகும், சிலருக்கு முட்டியை விட்டே வெளியே போகும்.

வளர்ச்சி முடிந்துவிட்டவர்களுக்கு ஒரே வழி எலும்பை வெட்டுவது. முட்டிக்கு மேலே தொடை எலும்பில் உள்பக்கம் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை எடுத்து, காலை நிமிர்த்தி, பிளேட் வைத்து முடுக்குகிறோம். கிளாஸ்கோவில் வில்லியம் மெக்யூவன் என்ற அறுவை மருத்துவர் உளியும் சுத்தியலும் கொண்டு இதைச் செய்து, 1880-இல் ஒரு புத்தகமே எழுதினார். அறுத்தாலே சீழ் பிடித்துச் சாகிற காலத்தில், லிஸ்டர் என்ற ஆசிரியரிடம் கற்ற கிருமிநாசினி முறையோடு, வளைந்த கால்களை வரிசையாக நேராக்கிய மனிதர் அவர். இன்று நல்ல பிளேட் இருக்கிறது, மயக்கமருந்து இருக்கிறது. என்றாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஊன்றுகோல், எலும்பு சேர மூன்று மாதம், முட்டியின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு இழுபட்டால் பாதம் தூக்க முடியாமல் போகும் அபாயம், எல்லாம் இருக்கிறது. நான் செய்கிறேன், நன்றாகவும் வருகிறது. ஆனால் மேசையில் படுத்திருப்பவர் ஐந்து வருடம் முன்னால் வந்திருந்தால் இதற்கு அவசியமே இருந்திருக்காது என்று தெரிந்தே செய்வது சங்கடமான வேலை.

ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். விடியற்காலை மைதானத்தில் ஓடி, மார்பளவு, உயரம் எல்லாம் சரியாகி, மருத்துவப் பரிசோதனையில் முட்டியைச் சேர்க்கச் சொல்லும்போது கணுக்கால்களுக்கு நடுவே 5 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதால் திரும்பியவர்கள். முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்து அழுத்துவது, ராத்திரி துண்டால் கணுக்காலைக் கட்டிக்கொள்வது என்று யூடியூபில் பார்த்த பயிற்சிகளை மாதக்கணக்காகச் செய்திருப்பார்கள். பயிற்சியால் தசை பலப்படும், நிற்கிற தோரணை கொஞ்சம் மாறும். பத்தொன்பது வயதில் எலும்பின் கோணம் மாறாது.

பத்து, பன்னிரண்டு வயதில் வந்தால் நாங்கள் எலும்பை வெட்டுவதில்லை. முட்டிக்கு உள்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைத் திறந்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே மெல்லிய ஊசி ஒன்றை வளர்ச்சித் தட்டின் விளிம்பில் குத்துவோம். அந்த ஊசியை நடுவாக வைத்து, எட்டு என்ற எண்ணின் வடிவில் இரண்டு துளையுள்ள சின்ன பிளேட். தட்டுக்கு மேலே ஒரு ஸ்குரூ, கீழே ஒரு ஸ்குரூ. தட்டைத் தொடவே மாட்டோம், அதன் குறுக்கே ஒரு கொக்கி போட்டுவைக்கிறோம், அவ்வளவுதான். ஒரு பிளேட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. மறுநாளே பிள்ளையை நடக்கவிடுவோம். இரட்டை மாட்டு வண்டியில் இடது மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்தால் வலது மாடு முன்னே போய் வண்டி இடப்பக்கம் திரும்பும் இல்லையா? இங்கே உள்பாதியைப் பிடித்துவைக்கிறோம், வெளிப்பாதி வளர்கிறது, கால் உள்ளே திரும்பி நேராகிறது. கோணலாக்கிய அதே வளர்ச்சியைக் கொண்டே கோணலை எடுப்பது.

1949-இல் பிளவுண்ட், கிளார்க் என்ற அமெரிக்கர்கள் ஸ்டேப்பிள் அடித்து இதைச் செய்தார்கள். ஸ்டேப்பிள் கழன்று வரும், உடையும், சில சமயம் தட்டை நிரந்தரமாக அழுத்திவிடும் என்ற பயம் இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்டீவன்ஸ் இந்த எட்டு வடிவ பிளேட்டைக் கொண்டுவந்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டபிறகு உலகம் முழுக்க முறை மாறியது. தொடை எலும்பில் போட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம். நேரானதும் பிளேட்டை எடுத்துவிடலாம், வளர்ச்சி மறுபடி இரு பக்கமும் ஓடும்.

ஆனால் இதற்கு வளர்ச்சி மிச்சம் இருக்க வேண்டும். பெண்பிள்ளைக்கு முட்டியருகே வளர்ச்சி சுமார் 14 வயதில் முடிகிறது, பையனுக்கு 16-இல். வயதைவிட நம்பகமான அடையாளம் பெண்பிள்ளைகளிடம் இருக்கிறது. வயதுக்கு வந்தபிறகு சுமார் இரண்டு வருடம்தான் எலும்பு வளரும், அதிலும் முதல் வருடத்தில்தான் அதிகம். பந்தல் போட்டு, சீர் வைத்து, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு நடத்துகிறோம். அந்தப் பிள்ளைக்கு முட்டி தட்டுகிறதென்றால், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டிய வாரம் அதுதான். நடப்பது என்ன? பாவாடைக்குள் கால் மறைந்துவிடுகிறது. பிள்ளை தானாகவே கபடியை விடுகிறாள், மாடிப்படி ஏறுவதைத் தவிர்க்கிறாள். இருபது வயதில் மாப்பிள்ளை வீடு பார்க்க வரும்போது, ‘நடையில ஏதோ வித்தியாசமா இருக்கே’ என்று யாரோ ஒரு அத்தை சொன்ன பிறகு என்னிடம் வருகிறார்கள். பையன் விஷயத்தில் ராணுவம், பெண் விஷயத்தில் கல்யாணம். அதுவரை அந்தப் பிள்ளை வலியோடு நடந்ததை யாரும் கணக்கில் எடுத்ததில்லை என்பது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம்.

பின்வரிசையில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். பள்ளிக்கு வருடம் ஒருமுறை மருத்துவக் குழு வருகிறது. ஆறாவது, ஏழாவது வகுப்பில் ஓட்டத்தில் கடைசியாக வருகிற, முட்டி உரசுகிற பிள்ளையை அவர்களிடம் நீங்களே கையைப் பிடித்துக் காட்டுங்கள். கூட்டத்தில் பிள்ளை தானாக முன்னுக்கு வராது. அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வழி இருக்கிறது.

பிளேட் போட்டுக்கொண்ட வீட்டாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆபரேஷன் சின்னதாக இருப்பதால் அலட்சியம் வருகிறது. தழும்பு ஆறிவிடுகிறது, பிள்ளை ஓடுகிறது, ஆறு மாதத்தில் கால் நேராகத் தெரிகிறது, ஆஸ்பத்திரியை மறந்துவிடுகிறார்கள். பிளேட் மறப்பதில்லை. உள்பாதியைப் பிடித்துக்கொண்டே இருக்கும், முட்டி தட்டிய கால் அடுத்த வருடம் வில்லாக விலகி நிற்கும். சீக்கிரமே எடுத்துவிட்டாலும் சிக்கல், மிச்சமிருக்கும் வளர்ச்சியில் கோணல் கொஞ்சம் திரும்பி வரலாம், முக்கியமாகப் பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. அதனால் சிறுபிள்ளைகளுக்கு ஓரிரு டிகிரி கூடுதலாகத் திருப்பிவிட்டு எடுப்போம், எடுத்த பிறகும் வளர்ச்சி முடியும்வரை கூப்பிட்டுப் பார்ப்போம். பிளேட் எடுக்கும் தேதியைப் பரீட்சை முடிந்து லீவில் வைத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டிய தேதியை மட்டும் பரீட்சையைச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். வர முடியாத ஊரில் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், அதற்குத் தக்கபடி ஆபரேஷன் தேதியையே வேறு மாதிரி வைத்துக்கொள்வோம்.